தாடை மூட்டு வலி: எங்கே நோகிறது, எப்போது நோகிறது என்று பார்த்து வழி தேடுவது

என் வாயில் வலது பக்கம் கீழே ஒரு கடைவாய்ப்பல் இல்லை. அது சொத்தையாகவும் இருக்கவில்லை, ஆடவும் இல்லை. வலது காதடியில் தொடங்கிய உளைவு எட்டு மாதமாக விடாமல் இருந்தபோது, இந்தப் பல்தான் காரணம் என்று ஓரிடத்தில் சொன்னார்கள். வலி தீர்ந்தால் போதும் என்ற நிலையில் இருந்தேன், பிடுங்கச் சம்மதித்தேன். இரண்டு நாள் பல் பிடுங்கிய நோவு இருந்தது. அது அடங்கியதும் பழைய உளைவு பழைய இடத்திலேயே திரும்ப வந்தது.

பாலையூற்றில் வீட்டோடு தையல் வேலை செய்கிறேன். சட்டை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் யாராவது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் இப்போது உட்கார வைத்து விசாரிக்காமல் விடுவதில்லை. அப்படி விசாரித்ததில் எனக்கு விளங்கியது, தாடை வலி என்ற ஒரே பெயரில் ஏழெட்டு வெவ்வேறு கோளாறுகள் வருகின்றன என்பதுதான். ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய இடமும் செய்ய வேண்டிய காரியமும் வேறு. எது என்று பிரித்தறியாமல் போனால் நல்ல காதுக்கு மருந்து விடுவோம், நல்ல பல்லைப் பிடுங்குவோம்.

நான் வைத்தியர் இல்லை. வைத்தியர்களிடம் கேட்டதும், பிசியோவில் பழகியதும், தேடி வாசித்ததும் சேர்ந்ததுதான் இது. உங்கள் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போகலாம். ஆனால் அடுத்து வருகிற பகுதியை மட்டும் எல்லோரும் வாசியுங்கள்.

இவை இருந்தால் வாசிப்பதை விட்டுவிட்டுப் புறப்படுங்கள்

கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலிலிருந்து மேலே ஏறும்போது தாடை இறுகி நோகிறது, நின்று இளைப்பாறினால் குறைகிறது, திரும்ப ஏறினால் திரும்ப வருகிறது என்றால், தாடையை மறந்துவிட்டு இதயத்தைப் பாருங்கள். இதயத்துக்கு இரத்தம் போதாதபோது வலி நெஞ்சில் தெரியாமல் தாடையிலோ கழுத்திலோ தோளிலோ மட்டும் தெரிவதுண்டு. பெண்களும் சீனி வருத்தம் உள்ளவர்களும் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அப்படி ஏறும்போது மட்டும் வருகிறதென்றால் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். சும்மா இருக்கும்போதே வந்து, வியர்த்து, மூச்சு முட்டினால் 1990ஐ அழையுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசு இல்லை.

கன்னமோ தாடைக்குக் கீழோ வீங்கி, காய்ச்சலும் அடித்து, எச்சில் விழுங்கவே கஷ்டமாக இருந்தால் பல்லடியில் பிடித்த சீழ் கழுத்துக்குள் பரவுகிறதாக இருக்கலாம். நடுச்சாமம் என்றாலும் வைத்தியசாலைக்குப் போங்கள். ஆணியோ தகரமோ தூண்டில் முள்ளோ குத்திச் சில நாளோ சில கிழமையோ கழித்துத் தாடை இறுகி, கழுத்தும் விறைத்தால் ஏற்புவலியாக இருக்கலாம், அதுவும் தாமதிக்கக் கூடாதது. 50 வயது தாண்டியவர்களுக்கு இன்னொன்று: மெல்ல மெல்லத் தாடை களைத்து நோகிறது, தலை சீவும்போது பொட்டுப் பக்கம் சீப்புப் பட முடியவில்லை, பார்வையும் மங்குகிறது என்றால் அது தலையில் ஓடும் இரத்தக் குழாயின் அழற்சியாக இருக்கலாம். மருந்து பிந்தினால் கண் போய்விடும். மோட்டார் சைக்கிளால் விழுந்த பிறகு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முன்பு போலப் பொருந்தவில்லை என்றால் எலும்பு உடைந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுக்கும் வரை எண்ணெய் போட்டு உருவ வேண்டாம்.

கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம்

காதுத் துளையை மறைத்து நிற்கும் அந்தச் சின்ன மேட்டுக்கு முன்னால் விரலை வைத்து, வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் ஒரு குமிழ் உருண்டு முன்னுக்குப் போய்த் திரும்புவது தெரியும். அதுதான் தாடை மூட்டு. முழங்கையும் முழங்காலும் மடங்குவதைப் போல இது மடங்கும். அதோடு லாச்சியைப் போல முன்னுக்கு வழுக்கவும் செய்யும். குமிழுக்கும் மேல் எலும்புக்கும் நடுவே ஒரு மெல்லிய தட்டு இருக்கிறது. கொலருக்குள் நாங்கள் வைக்கிற கன்வஸ் போல என்று நினைத்துக்கொள்ளுங்கள். அது இடம் மாறினால் கொலர் சுருங்குவது போலத்தான் இங்கேயும்.

இப்போது மூன்று விடயம் பாருங்கள். ஒன்று, அமத்தினால் எங்கே நோகிறது? காதுக்கு முன்னால் அந்தக் குமிழிலா, அல்லது பல்லைக் கடித்தால் கன்னத்தில் புடைக்கிற தசையிலா, பொட்டிலா? கன்னமும் பொட்டும் என்றால் தசை, குமிழ் என்றால் மூட்டு, பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். இரண்டு, உங்கள் சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வையுங்கள். மூன்றும் போனால் வாய் சரியாகத் திறக்கிறது. இரண்டுதான் போகிறது, இரண்டும் போகவில்லை என்றால் அதைத் திகதியோடு எழுதி வையுங்கள், வைத்தியர் கட்டாயம் கேட்பார். மூன்று, கண்ணாடியைப் பார்த்து மெதுவாகத் திறக்கும்போது நாடி நேராக இறங்குகிறதா, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகிறதா? போய்த் திரும்ப நடுவுக்கு வருகிறதா, அங்கேயே நிற்கிறதா?

காது நோகிறது, காதுக்குள் ஒன்றும் இல்லை என்கிறார்கள்

என் கதை இங்கேதான் தொடங்கியது. காதுக்குள் உளைவு, அடைத்தது போல ஒரு கனம், சில நேரம் இரைச்சல். முதலில் சொட்டு மருந்து, பிறகு அன்டிபயோட்டிக், பிறகு கொஞ்சம் பலமான அன்டிபயோட்டிக். காது வடியவில்லை, காய்ச்சல் இல்லை, கேட்பதிலும் குறை இல்லை. இந்த மூன்றும் இல்லாத காது வலி என்றால் தாடையைச் சந்தேகிக்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

மூட்டு காதுக் குழாயை ஒட்டியே இருக்கிறது. மூட்டுக்குப் போகிற நரம்பின் கிளையே காதின் முன்பக்கத்துக்கும் போகிறது. வலி மூட்டில் இருந்தாலும் மூளைக்கு அது காதென்று படுகிறது. 1934ல் கொஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு தொண்டை வைத்தியர், காது நோவோடு வந்த பலருக்குக் கோளாறு தாடை மூட்டில் இருந்ததாக எழுதினார். அவர் கண்டது பெரிய விடயம். ஆனால் அதற்குக் காரணம் பல் கடி சரியில்லாததுதான் என்றும் சொல்லிவிட்டார், அதற்குப் பிறகு பல வருடம் இதற்காகப் பல்லை ராவுவதும் உயர்த்துவதும் நடந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் அந்தக் காரணத்தை அப்படியே ஏற்கவில்லை.

நீங்களே சோதிக்கலாம்: காது மடலைப் பிடித்து இழுத்தால் வலி கூடினால் காதுக் குழாயில் புண் இருக்கக் கூடும். இழுத்தால் ஒன்றும் இல்லை, ஆனால் கொட்டாவி விட்டாலோ கச்சான் மென்றாலோ கூடுகிறது, காதுக்கு முன்னால் அமத்தினால் 'அதுதான்' என்று சொல்லத் தோன்றுகிறது என்றால் தாடை. அப்படியிருந்தும் ஒருமுறை ஈஎன்டி வைத்தியரிடம் காதைக் காட்டிவிடுங்கள். அவர் காது நல்லது என்று சொன்ன பிறகு மூன்றாவது சொட்டு மருந்தைத் தேடி அலையாதீர்கள்.

காலையில் எழும்பும்போது தாடை களைத்திருக்கிறது, பொட்டில் இடிக்கிறது

இது தசை வலி. மிகச் சாதாரணமாகக் காணப்படுவதும் இதுதான், நாமே நிறையச் செய்யக் கூடியதும் இதில்தான். நித்திரையில் பல்லை நறநறவென்று கடிப்பது ஒரு காரணம். பக்கத்தில் படுக்கிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பகலில் தெரியாமலே பல்லை இறுக்கி வைத்திருப்பது அதைவிடப் பெரிய காரணம், அதை யாரும் கேட்கப் போவதில்லை.

என் பல் போய் நாலு மாதத்துக்குப் பிறகு, வைத்தியசாலையில் ஓர் இளம் பல் வைத்தியர் என் வாயை விளக்கடியில் பார்த்தார். நோகிற பக்கத்தை விட்டுவிட்டு முன்பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். மேல் முன்பல்லின் நுனியில் ஒரு பள்ளம், நூல் அளவு, அரைநிலா போல. கையுறை விரலால் அதைத் தொட்டு, "அம்மா, நூலைப் பல்லாலயா அறுக்கிறீங்க?" என்று கேட்டார். 20 வருடமாக அப்படித்தான் அறுக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கேட்டார், எண்ணியதில்லை. அப்புறம் ஊசியை உதட்டில் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, பல்லை இறுக்கியபடி மார்கழி முழுக்கப் பள்ளிக்கூடச் சட்டை தைப்பதைச் சொன்னேன். அவர் என் கையை எடுத்து என் கன்னத்திலேயே வைத்து, கடிக்கச் சொன்னார். உள்ளங்கையில் ஒரு கல் புடைத்தது. "இதுதான் நோகுது. காதுமில்லை, பல்லுமில்லை" என்றார். நான் அழுதுவிட்டேன்.

வாய் மூடியிருக்கும்போது பல்லோடு பல் படக் கூடாது. இதை நான் அதுவரை அறியவில்லை. மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டும் பட்டால் போதும். சரியான நிலையைக் கண்டுபிடிக்கத் தமிழிலேயே வழி இருக்கிறது: 'ன்' என்று சொல்லி அப்படியே நிறுத்துங்கள். 'ந்' அல்ல, அது பல்லில் முட்டும். 'ன்' சொல்லும்போது நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள மேட்டில் இருக்கும், பற்கள் கொஞ்சம் விலகியிருக்கும். உதட்டை மட்டும் மூடுங்கள். இதுதான் தாடையின் ஓய்வு நிலை.

தெரிவது சுலபம், நினைவு வைப்பது கஷ்டம். நான் மெசினின் விளக்கில் ஒரு சிவப்பு நூலைக் கட்டினேன். பொபின் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அந்த நூல் கண்ணில் படும், பல்லைப் பிரிப்பேன். முதல் கிழமையில் பார்த்தபோதெல்லாம் பல் இறுகித்தான் இருந்தது. ஒரு மாதத்தில் பாதி தடவை விலகியிருந்தது. உங்களுக்குப் பொபின் இல்லை என்றால் போன் அடிக்கும்போது, சிக்னலில் நிற்கும்போது, வகுப்பு மணி அடிக்கும்போது என்று ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மனச்சோர்வுக்கு எடுக்கிற சில மாத்திரைகள், புளுஒக்சட்டின், சேர்ட்ராலின் போன்றவை, பல் கடிப்பதைக் கூட்டக் கூடும். நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதித் தந்த வைத்தியரிடம் சொல்லுங்கள்.

திறந்தால் 'டக்' என்று சத்தம்

வலி இல்லையா? வாய் தடையில்லாமல் திறக்கிறதா? அப்படியானால் ஒன்றும் செய்ய வேண்டாம். தட்டு கொஞ்சம் முன்னுக்கு வழுகி, திறக்கும்போது திரும்ப இடத்துக்கு வரும் சத்தம் அது. எத்தனையோ பேருக்கு வாழ்நாள் முழுக்க இருக்கிறது. சத்தம் வருகிறதா என்று அடிக்கடி திறந்து பார்க்கிற பழக்கத்தை மட்டும் விடுங்கள். மணலை அரைப்பது போன்ற கரகரப்பு என்றால் மூட்டுத் தேய்மானமாக இருக்கலாம், வயதானவர்களுக்கு வருவது. வலி இருந்தால் காட்டுங்கள்.

நேற்று வரை திறந்த வாய் இன்று இரண்டு விரலுக்குத் திறக்கவில்லை

முன்பு 'டக்' சத்தம் இருந்து, அது திடீரென்று நின்று, அதே நேரம் வாயும் திறக்காமல் போய், நாடி நோகிற பக்கம் இழுத்துக்கொண்டு நின்றால், தட்டு இடத்துக்குத் திரும்பாமல் முன்னால் சிக்கிவிட்டது. பயப்பட வேண்டாம், ஆனால் ஆறப் போடவும் வேண்டாம். அந்தக் கிழமையிலேயே பல் வைத்தியரிடம் போங்கள். பழகினவர்கள் கையாலேயே மூட்டை அசைத்துப் பார்ப்பார்கள், பயிற்சி தருவார்கள். தட்டு பழைய இடத்துக்கு வராமலே வலி குறைந்து வாயும் திறக்கப் பழகிவிடுவது மிகப் பலருக்கு நடக்கிறது, அதற்குச் சில மாதம் பிடிக்கும். வீட்டில் யாரும் பலவந்தமாகத் திறக்க முயல வேண்டாம்.

எக்ஸ்ரேயில் எலும்புதான் தெரியும், தட்டு தெரியாது. தட்டைக் காட்டுவது எம்ஆர்ஐ. எல்லோருக்கும் அது தேவையில்லை, பயிற்சிக்கும் மருந்துக்கும் அடங்காதவர்களுக்கே பெரும்பாலும் கேட்பார்கள்.

சத்தம் எதுவும் முன்பு இல்லாமல், பின்னால் முளைக்கிற ஞானப்பல்லைச் சுற்றி முரசு வீங்கியிருந்தால் வாய் திறக்காததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். சத்திக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்த அன்றோ மறுநாளோ தாடை கோணி இறுகினால், அந்த மருந்தின் பக்க விளைவாக இருக்கலாம், இளம் பிள்ளைகளுக்கே அதிகம் வரும். எடுத்த மருந்தைக் கையோடு கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள், மாற்று ஊசியில் பெரும்பாலும் கெதியாக விட்டுவிடும்.

கொட்டாவி விட்ட வாய் மூடவில்லை

மூட்டின் குமிழ் தனக்கு முன்னால் உள்ள எலும்பு மேட்டைத் தாண்டிப் போய் நின்றுவிட்டது. பேச வராது, எச்சில் வடியும், பார்க்கிறவர்கள் பயந்துவிடுவார்கள். தலையில் தட்டுவது, நாடியை மேலே தள்ளுவது எதுவும் வேண்டாம். நாடிக்குக் கீழே ஒரு துவாயால் தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நேரம் போகப் போகத் தசை இறுகும், பின்னால் போடுவது கஷ்டமாகும். வைத்தியர் கீழ்க் கடைவாய்ப் பல் மேல் பெருவிரலை வைத்துக் கீழேயும் பின்னேயும் அமத்தி இடத்தில் போட்டுவிடுவார். பிறகு இரண்டு மூன்று கிழமைக்கு வாயைப் பெரிதாகத் திறக்கக் கூடாது. கொட்டாவி வந்தால் நாடிக்குக் கீழே மடக்கிய கையை வைத்து அடக்குங்கள்.

மாதக்கணக்கில் வாய் ஒடுங்குகிறது, காரம் பட்டால் எரிகிறது

இதைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை, ஏனென்றால் எங்கள் பக்கத்தில் இது தாடை வலி என்ற பெயரில் ஒளிந்திருக்கிறது. என் சின்னம்மாவுக்குச் சாப்பாட்டுக் கவளம் சிறிதாகிக்கொண்டே போனது, சொதியில் போட்ட பச்சை மிளகாய்கூட எரிந்தது. மூட்டில் வலியே இல்லை. கன்னத்தின் உட்பக்கம் வெளுத்து, விரலால் தடவினால் பட்டி பட்டியாகக் கயிறு போல இறுகியிருந்தது. காரணம் பாக்கு. வெற்றிலையோடு போட்டாலும், பீடாவாகப் போட்டாலும், வெறும் பாக்காகச் சப்பினாலும் அதுதான். புகையிலை சேர்க்கவில்லை என்பது ஆறுதல் இல்லை: உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், புகையிலை சேராத பாக்கையும் 2004ல் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களில் சேர்த்தது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வருகிற புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான்.

இறுகிய கன்னம் பழையபடி இளகி வருவது அரிது. ஆனால் பாக்கை நிறுத்தினால் மேலும் இறுகுவதைத் தடுக்கலாம், பயிற்சியால் கொஞ்சம் திறக்கவும் வைக்கலாம், புற்று தலைகாட்டினால் ஆரம்பத்திலேயே பிடிக்கலாம். இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை இருந்தால் நாள் பார்க்காமல் காட்டுங்கள். அறுபது வயதுக்கு மேல் பழக்கத்தை விடச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். சின்னம்மா விட்டார்.

பல்லா, தாடையா?

ஒரு பல்லைத் தனியாகத் தட்டினால் நோகிறது, குளிர்த் தண்ணீர் பட்டால் கூசி அந்தக் கூச்சம் கெதியில் அடங்காமல் நிற்கிறது, நடுஇரவில் துடித்து எழுப்புகிறது என்றால் பல். எந்தப் பல் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை, இன்று மேலே நாளை கீழே என்று இருக்கிறது என்றால் தாடைத் தசையாக இருக்கக் கூடும். சந்தேகம் தீரவில்லை என்றால் வைத்தியரிடம் இப்படிக் கேளுங்கள்: "முதலில் அந்தப் பல்லை மட்டும் மரக்க வைத்துப் பார்க்கலாமா?" மரத்த பிறகும் வலி அப்படியே இருந்தால் வலியின் வேர் வேறிடத்தில். இதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பல் இன்றைக்கு என் வாயில் இருந்திருக்கும்.

முகம் கழுவும்போதோ கடற்காற்றுப் பட்டாலோ கரண்ட் அடித்தது போல ஒரு நொடி வெட்டி மறைந்தால் அது முக நரம்பு வலி, நரம்பு வைத்தியர் தருகிற மருந்து வேறு. சாப்பாட்டைக் கண்டதும் தாடைக்குக் கீழே வீங்கி, பிறகு வற்றினால் எச்சில் சுரப்பியில் கல் இருக்கலாம்.

வீட்டில் ஆறு கிழமை

தசை வலிக்கும் மூட்டு நோவுக்கும் இதிலேயே பலருக்கு இறங்கிவிடும். எனக்கு நாலாம் கிழமையில்தான் வித்தியாசம் தெரிந்தது, அதுவரை செய்வது வீண் என்றே நினைத்திருந்தேன்.

சூடு: கன்னியா வெந்நீரூற்றில் குளித்தால் உடம்பு இளகுகிற அதே காரியம்தான். துணியைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கை பொறுக்கிற சூட்டில், கன்னத்திலும் பொட்டிலும் 15 முதல் 20 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. அடிபட்டு முதல் இரண்டு நாளென்றால் மட்டும் ஐஸ், துணியில் சுற்றி 10 நிமிடம். எங்கள் ஊர் வெக்கையில் யார் சூட்டுத் துணி வைப்பது என்று தோன்றும். வையுங்கள், படுக்கப் போகும் முன் வைத்ததுதான் எனக்கு உதவியது.

சாப்பாடு: குழைந்த சோறு, பருப்பு, இடியப்பமும் சொதியும், அவித்த மீன், சின்னதாக வெட்டிய மரக்கறி. கச்சான், முறுக்கு, பச்சை மாங்காய், கணவாய், சுவிங்கம், ஹபரணை வீதியில் விற்கிற அவித்த சோளத்தைக் கதிரோடு கடிப்பது, இவற்றைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். மாதக்கணக்கில் கஞ்சியிலேயே இருக்க வேண்டாம், தசை பலம் இழக்கும். இரண்டு பக்கமும் மெல்லுங்கள்.

பயிற்சி: நாக்கு நுனியை 'ன்' இடத்தில் வைத்தபடியே, அது விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுவது. ஒரு தடவைக்கு ஆறு, நாளுக்கு ஆறு தடவை. கண்ணாடியில் நாடி நேராக இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள். வலி கூடினால் அளவைக் குறையுங்கள். குப்புறப் படுக்காதீர்கள், கன்னத்துக்குக் கையை முட்டுக்கொடுத்து இருக்காதீர்கள், போனைத் தோளில் இடுக்கிக் கதைக்காதீர்கள்.

மருந்து: டைக்ளோபெனாக் ஜெல்லைக் காதுக்கு முன்னால் தடவலாம். ஐபுப்ரோபன் சாப்பாட்டோடு, சில நாளைக்கு மட்டும். அல்சர், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. காய்ச்சலும் சேர்ந்திருந்தால் டெங்கு இல்லை என்று தெரியும் வரை ஐபுப்ரோபனும் வேண்டாம், டைக்ளோபெனாக்கும் வேண்டாம், பனடோல் மட்டும். அதுவும் வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் போகக் கூடாது.

எங்கே போவது, என்ன கேட்பது

ஆறு கிழமையில் குறையவில்லை என்றால், அல்லது வாய் இரண்டு விரலுக்குக் குறைவாகத் திறந்தால், திருகோணமலை மாவட்ட பொது வைத்தியசாலை ஓபிடியில் போய்ப் பல் பிரிவுக்குத் துண்டு கேளுங்கள். கிண்ணியா, மூதூர், கந்தளாய்ப் பக்கம் இருப்பவர்கள் தங்கள் ஆதார வைத்தியசாலையிலேயே தொடங்கலாம். அங்கிருந்து தேவையானால் வாய், முக, தாடை அறுவை நிபுணரிடம் அனுப்புவார்கள், நிபுணர் என்றதும் வெட்டத்தான் போகிறார் என்று நினைக்க வேண்டாம். சிக்கலான கேஸ்களுக்குப் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது. விடியப் பஸ் எடுத்துப் போக வேண்டியிருக்கும், ஆனால் அரசாங்கத்தில் இதற்குச் சிகிச்சை இலவசம். பிசியோவுக்கும் துண்டு கேளுங்கள், நீங்கள் கேட்காவிட்டால் அது விடுபட்டுப் போகலாம்.

போகும்போது ஒரு கொப்பித் தாள் கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, காலையிலா மாலையிலா, எத்தனை விரல் போகிறது, என்ன மருந்து எடுக்கிறீர்கள், என்ன வேலை செய்கிறீர்கள். என் தாளில் வேலையை நான் எழுதியிருக்கவில்லை. அந்த வைத்தியர் பல்லிலிருந்துதான் வாசித்தார்.

எதற்கு அந்த இடத்திலேயே சம்மதிக்கக் கூடாது

இந்த வலிக்கென்று நல்ல பல்லைப் பிடுங்குவது, கடி சரியில்லை என்று பல்லை ராவுவது, வலிக்காக வரிசையாகக் கிரவுண் போடுவது, முதல் தடவையிலேயே மூட்டுச் சத்திரசிகிச்சை பேசுவது. இவை எல்லாம் திரும்பப் பெற முடியாதவை. "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்லி எழும்பி, இன்னொருவரிடம் காட்டுங்கள்.

பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் 2023ல் ஒரு வழிகாட்டுதல் வந்தது, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற தாடை மூட்டு வலிக்கு. பழகினவர் பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சி, கையால் தசையை இளக்குவது, கழுத்து முதுகு நிமிரும் பயிற்சி, வலியைச் சமாளிக்கும் உளவியல் ஆலோசனை ஆகியவற்றைத்தான் அது பலமாகச் சொல்கிறது. பல் கடியையே நிரந்தரமாக மாற்றிவிடும் கவசங்களும், தட்டை வெட்டி எடுப்பதும் வேண்டாம் என்று அதே பலத்தோடு சொல்கிறது. இரவில் போட்டுக் கழற்றுகிற சாதாரணப் பல் கவசத்தையும் வலிக்கென்று வேண்டாம் என்ற பக்கமே அது சாய்கிறது, ஆனால் அவ்வளவு பலமாக இல்லை. பல் தேய்ந்துகொண்டு போகிறவர்களுக்கு அது பல்லைக் காக்கும், எனக்கும் அதற்காகத்தான் தந்தார்கள். போட்ட பிறகு கடி மாறியது போலத் தெரிந்தால் தொடர்ந்து போடாமல் உடனே காட்டுங்கள். உளவியல் ஆலோசனை என்றால் வலி பொய் என்று சொல்கிறார்கள் என்று பலர் கோபப்படுகிறார்கள். நானும் கோபப்பட்டேன். வலி மெய்தான், வருடக்கணக்கில் நோகிற உடம்பு பயந்து பயந்து இன்னும் இறுகுகிறது, அந்த இறுக்கத்தைத்தான் அங்கே பிரிக்கிறார்கள்.

குறைந்த வலி திரும்பி வந்தால்

வரும். எனக்கு மார்கழியில் வரும், பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்குப் பரீட்சை மாதத்தில் வரும். புது நோய் என்று பயந்து முதலிலிருந்து வைத்தியசாலைகளைச் சுற்ற வேண்டாம். மூன்று விரல் போகிறதா என்று பாருங்கள். போனால் அன்றிரவே சூட்டுத் துணி, குழைந்த சோறு, 'ன்' பயிற்சி. இரண்டு கிழமை கொடுங்கள். விரல் குறைந்திருந்தால், வலி முன்பு இல்லாத இடத்தில் இருந்தால், முகம் மரத்தால், மெலிந்துகொண்டு போனால், பழைய கொப்பித் தாளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

மெசினின் கைப்பக்கத்தில் இப்போது ஒரு சின்னக் கத்தரிக்கோல் நாடாவில் தொங்குகிறது, நூல் அறுக்க. பக்கத்து வீட்டுப் பிள்ளை தையல் பழக வருகிறாள். முதல் நாளே நூலை வாய்க்குக் கொண்டு போனாள், கையைப் பிடித்து நிறுத்திக் கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன்.